தாலுக்காவோடு நிறுத்திக்கொள்கிறவர்

காலி வீடாக இருந்தாலும் தைரியராஜ் கதவைத் தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பார். தட்டி, ஒரு கணம் காது கொடுத்துவிட்டுப் பிறகு சாவியைப் போடுவார். வீடு பார்க்க வந்தவர்கள் சிரித்தால், "ஆளே இல்லாத வீடுன்னு ஒண்ணு கிடையாதுங்க. ஒரு பல்லியாச்சும் குடியிருக்கும். சொல்லிட்டு நொழையறதுதான் மரியாதை" என்பார்.

ஐம்பத்தாறு வயது. கழுத்துப்பட்டையைத் திருப்பித் தைத்த வெள்ளைச் சட்டை, நாலுமுழ வேட்டி, கையில் குடை. குடையை அவர் விரிப்பது அபூர்வம். எந்த மூலை ஒழுகும், எங்கே கட்டில் போடலாம் என்று சுட்டிக் காட்டுவதற்குத்தான் அது. இடுப்பில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் ஒரு நூல் கட்டியிருக்கும். வெள்ளை நூல் என்றால் ஐயர், ஐயங்கார் மட்டும். மஞ்சள் என்றால் சைவம் சாப்பிடுகிற மற்றவர்களும் வரலாம். சிவப்பு, கறிமீன் சமைக்கலாம். பச்சை, முஸ்லிம்கள் வரலாம். கறுப்பு, யார் வந்தாலும் சரி. கறுப்பு நூல் சாவி கொத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். "அந்த வீட்டுக்கெல்லாம் பாதிக் கூரை இருக்காதுங்க" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் அவருக்கு வேலை சுலபம். "அங்க ரெங்கநாதரே மதில் கட்டி ஆளைப் பிரிச்சு வச்சுட்டாரு. எத்தனாவது மதில்னு கேட்டாப் போதும், நூலு கலரு தெரிஞ்சிடும்." ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் சிக்கல். மலைக்கோட்டைக்குக் கீழே அடகுக்கடை சேட்டுகள், பள்ளிவாசலைச் சுற்றி ராவுத்தர்கள், உறையூரில் தறிக்காரர்கள், வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் நாயுடுமார்கள், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள், பாய்லர் ஆலைக்கு வேலைக்கு வந்த மலையாளிகள், பொன்மலையில் மிச்சமிருக்கும் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்கள். எல்லாரைப் பற்றியும் அவரிடம் ஒரு வாசகம் உண்டு. "மலையாளத்துக்காரருக்குக் கெணறு இல்லாட்டி வீடே இல்ல." "சேட்டுக்கு வீட்டை விட வாசல் கதவுதான் முக்கியம், தட்டித் தட்டிப் பாப்பாரு." "சட்டைக்காரங்க காலி பண்ணுறப்ப வெள்ளையடிச்சுக் குடுப்பாங்க. தங்கமான மனுஷங்க. ஆனா அடுத்த வீடு கேக்க மாட்டாங்க, ஆஸ்திரேலியாவுக்குல்ல போறாங்க!"

பாலக்கரையில் மருதையின் டீக்கடைதான் அவருக்கு அலுவலகம். மருதை தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"என்ன புரோக்கரே, இன்னைக்கு எத்தனை ஜாதி பாத்தீங்க?"

"காலையிலேருந்து நாலு. உன் மூஞ்சியில முழிச்சது அஞ்சாவது."

ஆனால் தைரியராஜ் யாரிடமும் சாதியைக் கேட்டதில்லை. நாகரிகமான ஊர், யாரும் கேட்பதில்லை. "பூர்வீகம் எதுங்க?" என்று கேட்பார்கள். லால்குடிப் பக்கம் என்றால், "லால்குடியில எங்க?" ஊரைச் சொன்னால், "கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?" மேற்கு, கிழக்கு என்று சொன்ன பிறகு கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே வாடகைக்கு வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தித் தயார் செய்வார். "ஊரைக் கேட்டா தாலுக்காவோட நிறுத்திக்கிங்க. தெரு வரைக்கும் போனீங்கன்னா வீடு கிடைக்காது." சிலருக்கு இதையும் சொல்லமாட்டார். வாத்தியார் வேலைக்கு மாற்றலாகி வந்த ஒரு சேரிப் பையன், கல்யாணமான புதிதில், அவரிடம் வந்து ஒரு மாதம் அலைந்தான். கடைசியில் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் மருதை சிரிக்காமல் சொன்னான்: "உங்க ஆளுக்கு நீங்களே வீடு காட்ட மாட்டேங்கிறீங்களே புரோக்கரே."

"காட்டுவேன். அப்புறம் எனக்கு யாரு சாவி குடுப்பா?"

தைரியராஜ் கிறிஸ்தவர், சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர். மருதையைத் தவிர ஊரில் மற்றவர்களுக்கு அவர் வெறும் 'வேதக்காரர்'. முதல் பாதிதான் அவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தவர்களுக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் தெரியும்.

அவர் வீடு உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் இருந்தது. எழுபத்தேழாம் வருட நவம்பர் வெள்ளம் சுவரின் பாதி உயரத்துக்கு ஏறி நின்று இறங்கியது. தண்ணீர் போய்விட்டது, ஈரம் போகவில்லை. அவருடைய மனைவி லூர்துராணிக்கு முன்பே இளைப்பு. அந்த மழைக்குப் பிறகு படுத்துத் தூங்க முடியாமல் உட்கார்ந்துகொண்டே விடியவைக்க ஆரம்பித்தாள். அடுத்த மழையை இந்த வீட்டில் கழித்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, மாதாமாதம் பணம் அனுப்பினான். வாடகை கொடுக்கவும் முன்பணம் கொடுக்கவும் தடையில்லை.

"ஊருக்கெல்லாம் வீடு பாக்குற மனுஷன், எனக்கு ஒரு காஞ்ச சொவரு பாக்கக் கூடாதா?" என்று லூர்துராணி கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கிறேன் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆடி மாதம் சவரிநாதனின் வீடு காலியானது. சவரிநாதன் ஓய்வுபெற்ற தாசில்தார் ஆபீஸ் தலைமை எழுத்தர், மேலத்தெருக் கிறிஸ்தவர். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவருக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் அவர் குடியிருந்தார். அடுத்ததை வாடகைக்கு விட்டிருந்தார். முன்பக்கம் ஓட்டுக்கூரை, பின்பக்கம் மெத்தைக்கூரை, மேட்டுத் தரை. வெள்ளத்தின்போது அந்தத் தெருவில் செருப்புக்கூட நனையவில்லை. பதினைந்து வருடமாக அந்த வீட்டுச் சாவி தைரியராஜிடம்தான். அதில் சிவப்பு நூலும் நூலில் ஒரு முடிச்சும் இருந்தன. முடிச்சு என்றால் வீட்டுக்காரரின் சொந்தச் சாதிக்கு மட்டும் என்று அர்த்தம். முடிச்சைப் போட்டவர் தைரியராஜ்தான்.

இருந்தும் கேட்டார். பதினைந்து வருடம் சாவியை நம்பிக் கொடுத்தவர், ஒரே கோயிலில் நன்மை அப்பம் வாங்குகிறவர். ஊர் முழுவதற்கும் விதி தெரிந்த மனிதர், தனக்கு மட்டும் விலக்கு இருக்கும் என்று நம்பினார்.

"ஒரு பார்ட்டி இருக்குங்கய்யா" என்று ஆரம்பித்தார். "வேதக்காரங்கதான். ரெண்டே பேரு. சத்தமில்லாதவங்க. பையன் ரயில்வேயில."

"பூர்வீகம்?"

"லால்குடி தாலுக்காங்க."

"நம்ம ஆளுங்கதானே?"

"நம்ம பங்குதாங்கய்யா. பூசைக்குத் தவறாம வர்றவங்க."

"அப்பறம் என்ன? நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை லூர்துராணி மகன் எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தைரியராஜ் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். அவள் நேராகப் பின்னறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "காஞ்சிருக்குங்க" என்றாள்.

சவரிநாதன் உள்ளே வந்தார். "அட, வீடு கூட்டுறதுக்கு அம்மாவையும் அழைச்சிட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. பார்ட்டி எப்ப வராங்க?"

"வந்தாச்சுங்கய்யா."

சவரிநாதன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க?"

"நாங்கதாங்க."

சவரிநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். "என்ன தைரியராஜு, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அதெல்லாம் பாக்குறவன் இல்லேன்னு உங்களுக்கே தெரியும். தெருவுல நாலு பேரு இருக்காங்க... இப்ப பாருங்க, என் தம்பி மகன் வேற கும்பகோணத்துலேருந்து மாத்தலாகி வரான். அவனுக்குன்னு நெனச்சு வச்சிருந்தேன்."

தம்பி மகன் அந்த ஊரில் பல வருடங்களாக வந்துகொண்டேயிருந்தான். எந்த வீட்டிலும் வந்து சேர்ந்ததில்லை. வேண்டாத ஆள் வாசலில் நின்றால் என்ன சொல்வது என்று திணறிய வீட்டுக்காரர்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தவர் தைரியராஜ். "மூஞ்சியில அடிச்சாப்ல இல்லேன்னு சொல்லாதீங்க. தம்பி மகன் வரான்னு சொல்லுங்க. யாருக்கும் மனசு நோகாது" என்று சவரிநாதனுக்கும் அவர்தான் சொல்லியிருந்தார்.

"எப்ப வராருங்க?" என்று கேட்டார் தைரியராஜ்.

"யாரு?"

"தம்பி மகன்."

சவரிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வேற நல்ல பார்ட்டியாப் பாருங்க" என்றார். பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் மூச்சு வாங்க நின்ற லூர்துராணி, "அந்தாளுக்குத் தம்பியே கெடையாதே?" என்றாள்.

"தெரியும். நட."

ஆவணியில் தைரியராஜ் நல்ல பார்ட்டியைக் கொண்டுவந்தார். பேங்க் குமாஸ்தா அடைக்கலராஜ், மனைவி, ஒரு கைக்குழந்தை. மேற்கா கிழக்கா என்று சவரிநாதன் கேட்பதற்கு முன்பே அந்த மனிதர் தெருப் பெயரைச் சொல்லிவிட்டார். வருகிற முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபோவது என்று முடிவாயிற்று. அதற்குள் மழை முந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டது. லூர்துராணி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பால் காய்ச்சிய வீட்டில் தரகருக்கு ஒரு டம்ளர் கொடுப்பது வழக்கம். பதினைந்து வருடத்தில் எத்தனையோ வீடுகளில் குடித்திருக்கிறார், குடித்த டம்ளரைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். பாலை வாங்கிக் கூடத்தில் நின்று குடித்து முடித்தார். எதிரே நாற்காலியில் சவரிநாதன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வைங்க பெரியவரே, நான் எடுத்துக்கிறேன்" என்றாள் அடைக்கலராஜின் மனைவி.

தைரியராஜ் வைக்கவில்லை. சவரிநாதனைப் பார்த்தபடியே டம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடியில் போய்க் குந்தினார். சாம்பலைத் தொட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, தண்ணீர் விட்டு, மறுபடியும் தேய்த்தார். பிறகு எழுந்து வந்து, வாசற்படிக்கு வெளியே டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.