வாகன்

எண்ணெய்க் கறை படிந்த சின்னப் புத்தகம் அது. லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் மரப்பட்டறைக்குப் பழைய ஜெர்மன் மெசினோடு சேர்ந்து வந்தது. பலகை அறுக்கும் அந்த மெசினில் பதினெட்டு வருடமாக நிற்பவன் நான். சத்தம் சற்று மாறினாலே எந்தப் பட்டி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி வைப்பதோடு எனக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்தது.

பிறகு ஜெர்மன் அண்ணை வேலைக்கு வந்தார். அகதியாகப் போய் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர், அதனால் அந்தப் பெயர். வந்த முதல் கிழமையே புத்தகத்தைப் புரட்டினார். மெசின் செய்த தொழிற்சாலை, தான் இருந்த ஊருக்குப் பக்கத்தில்தான் என்றார். நீர் இறைக்கும் பம்பில் தொடங்கி மரம் அறுக்கும் வாளுக்கு வந்தார்களாம். இடையில் முதலாளியின் மகன் ஆசைப்பட்டுக் கொஞ்சக் காலம் காரும் கட்டினார்களாம். வாங்க ஆளில்லாமல் மறுபடி வாளுக்கே திரும்பினார்களாம். அந்த ஊர்க் கிழவர் ஒருவர் சொன்ன கதை. அத்தாட்சிக்குப் புத்தகத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்: வாகன்.

"வாகன் எண்டால் எங்கட வாகனம்தான்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகூடத் தேநீரோடு நின்று கேட்டார். மெசினைப் பார்க்க வருபவர்களை அதன்பின் அண்ணையிடமே அனுப்பினார்கள். மெசினில் நின்றது நான். அது அவருடைய மெசினாகிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் தனியே இருந்து அந்த எழுத்துகளைப் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரு படத்தில் அதே சொல்லிலிருந்து அம்புக்குறி போனது. அது முட்டி நின்ற இடம், பலகையை வைத்து நான் தினமும் தள்ளும் தட்டு. தேநீர் நேரத்தில், வாயே திறக்காத நான் எல்லோர் முன்னும் சொன்னேன்.

"அண்ணை, வாகன் எண்டு போட்டிருக்கிறது காரை இல்லை. இந்தத் தட்டைத்தான்."

"அப்ப ஜெர்மன்காரன் பலகையிலயோ அண்ணை சவாரி போனவன்?" என்றான் ஒருவன். பட்டறையே சிரித்தது.

அண்ணை படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் தம்பி, நீர் சொல்லுறதுதான் சரி." அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடிந்ததே, அதிலும் எனக்குப் பொறாமை வந்தது. அவர் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. சில மாதங்களில் குரோய்டன் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

போன வருடம் பழைய மெசின்களைத் தேடித் திரியும் ஜெர்மன்காரர் ஒருவர் எங்கள் மெசினைப் பார்க்க வந்தார். கைபேசியில் ஒரு படம் காட்டினார். தொழிற்சாலை முற்றத்தில் ஒரு கார். அதன் மூக்கில், எங்கள் மெசினில் உள்ள அதே முத்திரை. கொஞ்சக் காலம் கட்டினார்கள், விற்கவில்லை, விட்டுவிட்டார்கள் என்றார். சொல்தான் பிழை, கதை மெய்.

"பாவம் அந்த மனிசன். நீர் ஒருக்கா போன் எடுத்துச் சொல்லும்," என்றார் முதலாளி. ஓம் என்றேன். அண்ணையின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

இப்போது மெசினைப் பார்க்க வருபவர்களுக்குக் கார்க் கதையை நான்தான் சொல்கிறேன். பம்பு, வாள், ஆசைப்பட்ட மகன் எல்லாம் அவர் சொன்ன ஒழுங்கிலேயே வருகின்றன. போன கிழமை ஒருவர் கேட்டார், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

"வாசிச்சனான்," என்றேன்.