யான் மாயன் தீவுப் பாடம்

நேற்று மாலை ஹ்விடோவ்ரே நகரிலுள்ள எங்கள் வீட்டில், கிறீன்லாந்துக்குக் கிழக்கே கரண்டி வடிவில் கிடந்த தீவொன்றுக்கு மகள் நிறம் தீட்டினாள். அதன் பெயர் யான் மாயன். கலர் பென்சில் சீவிய மணம் என்னைச் சிறுவயதில் நான் படித்த ரண்டர்ஸ் நகர டேனிஷ் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்றும் அந்தத் தீவுதான் பாடம். வடக்குப் பக்கத்தில் பனி மூடிய எரிமலை; குடிகள் இல்லை. "திமிங்கிலம் பிடிக்கப் போன ஒவ்வொரு கப்பலும் தானே கண்டுபிடித்ததாக நினைத்து ஒரு பெயர் வைத்தது. வரைபடத்தில் ஏறிய கப்டனின் பெயர் மட்டும் நிலைத்தது" என்றார் ஆசிரியை.

அப்போது நான் மறந்துவிட்ட சாப்பாட்டோடு அம்மா வாசலில் நின்றார்.

"யாருக்கு?" என்றார் ஆசிரியை, தெரிந்துகொண்டே.

"மகன் ராசனுக்கு" என்றார் அம்மா, தடுமாறிய டேனிஷில்.

"அப்படி ஒருவரும் இங்கே இல்லையே."

பதிவில் என் பெயரும் அப்பாவின் பெயரும் இடம்மாறியதால், வகுப்பில் நான் அப்பாவின் பெயரில் சிவபாலன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் கணவனின் பெயரைச் சொல்வதில்லை. அம்மாவுக்கு அப்பா எப்போதும் "இஞ்சேருங்கோ"தான்.

"ஆளில்லாத தீவுக்கே பெயர் இருக்குது, இவவுக்குச் சொந்தப் பிள்ளையின்ர பெயர் தெரியாது!" என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் டேனிஷில் கத்தினான். வகுப்பே சிரித்தது.

"சொல்லுங்கள், காத்திருக்கிறோம்" என்றார் ஆசிரியை.

"ராசன், நீ வந்து வாங்கன்" என்றார் அம்மா தமிழில். எழும்பிய என்னை ஆசிரியை கையமர்த்தி இருத்தினார்.

அம்மா சுவரைப் பார்த்தபடி, "சிவபாலன்" என்றார்.

"சீவாபாலான்" என்று ஆசிரியை திருத்தினார். "இன்னொரு முறை, சத்தமாக."

அம்மா அவர் திருத்தியபடியே சொன்னார்.