ஹார்க்கன் என்றால் கேள்

கிராணி ஐயா, என் அம்மா செத்ததற்கு நீங்கள்தான் காரணம்.

போன வாரம் மம்பாவ் மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் என்று கைதட்டினார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். யாருக்கு எந்த வேலை என்று அறிவிப்பதற்கு முன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நீங்கள் "ஹார்க்கன்!" என்று கத்துவீர்கள். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அர்த்தம் கேட்டேன். ஆசையாகச் சொன்னீர்கள். ஹார்க்கன் என்றால் கேள். ஹார்க், லிசன், கவனி என்கிற ஹீட் எல்லாம் அதன் சொந்தங்கள். இது பைபிளில் வரும் பழைய சொல், மதிப்பு அதிகம். அதைச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று நம்பிவிட்டேன்.

அம்மாவுக்குச் செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்பு கசியும், சட்டை நனையும். ஒரு நாள் பெரட்டில் மூச்சுவிட முடியாமல் நின்றாள். நீங்கள் தலையாட்டினால் போதும், தோட்டத்து வண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அவள் வாய் திறக்கவில்லை. நான் முன்னால் ஓடினேன்.

"ஹார்க்கன்! அம்மாவுக்கு மூச்சு முட்டுது!"

பெரட்டே சிரித்தது. "என்னா லா, புது கிராணி வந்துட்டாங்களா?" என்றார் ஆட்களை மேய்க்கும் மண்டோர். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி, வேல போயிரும்."

நீங்கள் கோபப்படவில்லை. குனிந்து, பொறுமையாகச் சொன்னீர்கள். "பிள்ளை, உந்தச் சொல்லைப் பெரியாக்கள்தான் சின்னாக்களுக்குச் சொல்லுறது. நீ 'லிசன், ப்ளீஸ் சார்' எண்டு சொல்ல வேணும்."

சொன்னேன். உச்சரிப்பைத் திருத்தினீர்கள். மறுபடி சொன்னேன். "வெரி குட்" என்று என் தலையைத் தடவிவிட்டு, அம்மாவை மருந்தடிக்க அனுப்பினீர்கள்.

மத்தியானம் செம்பனைக்கு அடியில் விழுந்தாள். அப்போதுதான் வண்டி வந்தது. வழியிலேயே போய்விட்டாள்.

நான் தப்பான சொல்லைச் சொன்னதால்தான் அம்மா செத்தாள் என்று பல வருஷம் நினைத்தேன். ஹீட் என்று சொல்லியிருக்கலாமோ என்று யோசித்து யோசித்து அழுதிருக்கிறேன். முதல் தடவையே உங்களுக்குக் காதில் விழுந்துவிட்டது என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடியும் பேசப் போகிறீர்களாம். முன்வரிசையில் இருப்பேன். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். நான் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அந்த வண்டியைக் காலையிலேயே அனுப்பியிருப்பீர்கள்?