உப்புத் தண்ணீரில் அடித்த வெள்ளை

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிறகு முப்பது வருடம் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்ததில் விரல்கள் மரத்துவிட்டன. ர எங்கே, ற எங்கே என்பதை இன்னும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுமடத்தில் ஆறு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்த கதை இது. கம்பெனி மண்டபம் ஊர்ப் பக்கம் மாறியதால் அங்கே ஒரு வீடு பார்த்தோம். புது வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முப்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார், இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம். எங்களிடம் இருந்த ஒரே முப்பதாயிரம் பழைய வீட்டுக்காரரிடம் அட்வான்சாகக் கிடந்தது. அவர் துபாயில் இருந்தார்.

அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இளையவர், தங்கமான மனுஷர். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலி செய்யும்போது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று வாதாடும் வாய் எனக்குக் கிடையாது. டீக்கடையில் மீதிச் சில்லறை தர மறந்தால்கூடப் பேசாமல் வந்துவிடுகிற ஆள். அதனால் நானே வெள்ளையடித்துவிட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு நாள் லீவு எடுத்து அடித்தேன். சுண்ணாம்பு கரைக்க நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்க மனம் வரவில்லை. கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சுவர் குடிக்கவா போகிறது என்று அதிலேயே கரைத்தேன்.

சுவர் குடித்தது. நாலாம் நாள் பார்த்தால் வீடு முழுக்க உப்புப் பூத்திருந்தது. மனைவி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கருவாடு போட ஆகும்,” என்றாள்.

அன்று சாயங்காலம் பாய் வீடியோ காலில் வீடு பார்க்க வந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினேன். மேற்கு ஜன்னல் வெயில் சுவரில் விழுந்துகொண்டிருந்தது.

“என்னண்ணே, சுவரு இந்த மினுங்கு மினுங்குது? வெல கூடுன பெயிண்டா?”

மனைவி போனுக்குத் தெரியாத பக்கம் நின்று, ஆமாம் என்று தலையாட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். ஆட்டினேன். ஆனால் போன் காட்டிக்கொண்டிருந்தது சுவரை, என் தலையை அல்ல. வாயைத் திறந்தே ஆக வேண்டும். பொய் சொல்ல நிறையப் பேச வேண்டியிருக்கும் என்பதால் உண்மையைச் சொன்னேன்.

“உப்பு, பாய். கெணத்துத் தண்ணியில கரைச்சுட்டேன்.”

பாய் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து சுவரைப் பார்த்தார்.

“அண்ணே, இதச் சொரண்டிட்டுல்ல மறுபடி அடிக்கணும். ரெண்டு மாச வாடகையில்ல பிடிக்கணும் போலருக்கு.”

மனைவி போனை வாங்கிக்கொண்டாள். “பத்திரத்த எடுத்துப் படிங்க,” என்றாள் என்னிடம். வருடா வருடம் புதுப்பிக்கும் பதினோரு மாதப் பத்திரம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

“‘பெற்றுக்கொண்ட... நிலையிலேயே... திரும்ப ஒப்படைக்க வேண்டியது.’”

“அதத்தானண்ணே நானும் சொல்றேன்.”

“தம்பி,” என்றாள் மனைவி, “நாங்க குடி வந்த அன்னைக்கே அடுப்படிச் சுவரு உதிர்ந்து சோத்துப் பானையில விழுந்துச்சு. ஆறு வருஷமா நான் கொழம்புக்குப் பாதி உப்புதான் போடுறேன். அந்த உப்பு யாரு வச்ச உப்பு?”

பாய் சிரித்துவிட்டார். “எங்க வாப்பா வச்சதுதான்க்கா. கட்டும்போது நல்ல தண்ணி வாங்கக் காசில்ல. அந்தக் கெணத்துத் தண்ணியிலதான் சிமெண்டே கொழைச்சாக.”

“அப்ப வாங்குன நெலையிலதான தம்பி குடுக்குறோம்?”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வேணும்னா, பாய்...” என்று ஆரம்பித்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

“வேணும்னா என்னண்ணே?”

“சுவரத் தொடைச்சு வச்சுட்டுப் போறேன்.”

“தொடைச்சுராதீகண்ணே. செங்கலும் சேந்து வந்துரும்.”

வியாழக்கிழமை மதியம் முப்பதாயிரமும் குறையாமல் வந்தது. மறுநாள் மண்டபத்தில் புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், அடுப்படிச் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்த வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். சொல்ல வாய் வரவில்லை. பேனாவை வாங்கி, பத்திரத்தின் அடியில் என் கோணல் எழுத்தில் எழுதினேன்: ‘அடுப்படிச் சுவர் வரும்போதே உப்பு.’ அவர் படித்துப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

அதைவிட நீளமாக நான் எழுதியது இது ஒன்றுதான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் எழுதி முடித்தது ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி.