கம்பியூட்டர் வகுப்பில் எனக்குச் சிங்களம் மறந்துபோன கதை

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேரை. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்துக்குப் போன பிறகு தூளி ஆட்டி, பால் கரைத்துக் கொடுத்து, கழுவிவிட்டு வளர்த்த பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னால் எனக்கு எண்ண வராது. எழுதவும் அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற மாதிரி நல்ல தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சிங்களம் பேசுவதில் அந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன வயதில் தொரை பங்களாவில் சமையலுக்கு உதவியாக இருந்தபோது பிடித்த சிங்களம். மாத்தளை ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிமார் என்னைத் தமிழச்சி என்று நம்பமாட்டார்கள். அந்த நாளில் அது சின்னக் காரியம் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு என் வீட்டிலேயே அதை நம்ப ஆள் இல்லை.

போர் முடிவதற்குக் கொஞ்ச காலம் முந்தி, டவுனில் ஏதோ ஒரு சங்கத்தார் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்பியூட்டர் வகுப்பு நடத்த வந்தார்கள். யாரோ பாவித்துக் கழித்த மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வைக்க வேறு இடம் இல்லை. கரண்டும் பூட்டும் சேர்ந்து இருந்தது பிள்ளை மடுவத்தில்தான். சாவி என் இடுப்பில். தூளிச் சேலைகளைத் தூக்கி விட்டத்தில் சொருகிவிட்டு, சனிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு நடந்தது.

தமிழ் வாத்தியார் ஒருவரைத்தான் அனுப்புவதாக இருந்தது. வழியெல்லாம் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்க்கிறார்கள் என்று அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். வந்தது யட்டவத்தைப் பக்கத்துச் சிங்களப் பையன். நல்ல பிள்ளை, ஆனால் தமிழில் 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கோ கடையில் சாமான் வாங்குகிற அளவுச் சிங்களம்தான். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சாவி வைத்திருந்த நானே அந்த வேலையையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வாத்தியார் சொன்னார்: ஊரெல்லாம் பாவிக்கிற கம்பியூட்டர் முறைக்கு ஒரு முதலாளி இருக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மைப் பார்க்க விடமாட்டான். இது வேறு, லினக்ஸ் என்று பெயர். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம். பழைய பெட்டியிலும் ஓடும்.

நான் சொன்னேன்: "மத்தது கடையில வாங்குற மிளகாத்தூள் பாக்கெட்டு. உள்ள செங்கல்லு கலந்திருந்தாலும் ஒனக்குத் தெரியாது. இது நம்ம வீட்ல இடிச்ச தூளு. உப்புப் பத்தலைன்னா போட்டுக்க, பக்கத்து வீட்டுக்காரி கேட்டாக் குடு."

த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன் ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். "சும்மா குடுக்குறாங்கன்னா அதுல ஏதாச்சும் கோளாறு இருக்குமே, ஆயா?"

"ஒன்னையச் சும்மாதானே கழுவி விட்டேன். அதுல என்னடா கோளாறு?"

"தோட்டம் ஒங்களுக்குச் சம்பளம் குடுத்திச்சே."

"சம்பளம் பால் கரைக்கிறதுக்கு. நீ பண்ணுன வேலைக்கெல்லாம் எந்தத் தொரையும் சம்பளம் குடுக்க மாட்டான்."

என்ன கேட்டான் என்று வாத்தியார் கேட்டார். அவனுக்கு நன்றாக விளங்கிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னேன்.

அந்த முறையில் எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள ஒரே ஒருத்தன் உண்டாம். மற்றவர்கள் அவரவர் பொருளைத்தான் தொடலாம். இதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அவன்தான் பெரிய தொரை. நீங்கள்லாம் அவங்கவங்க நெரையில மட்டும் கொழுந்து எடுக்கணும்." ஒரே வரியில் எல்லாருக்கும் விளங்கியது. வாத்தியார் கூட அதற்குப் பிறகு தொரை என்றே சொல்லத் தொடங்கினார்.

இதில் என் கடைசி மகளும் படித்தாள். எல்லாரையும் விட அவளுக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டது. பிள்ளைகள் அவளிடம் போய்க் குசுகுசுவென்று கேட்பார்கள், அவளும் குசுகுசுவென்று சொல்வாள். வாத்தியார் எழுந்து நின்று சொல்லச் சொன்னால் மட்டும் சால்வை நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

என் மூத்த மகன் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தான். வகுப்பு முடிந்த மறுநாள் பயணம்.

"அந்தப் பொட்டியத் தட்டினா சோறு வருமா, அம்மா? பேக் கூட வாங்கியாச்சு" என்றான்.

தமிழ் ஆட்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன அந்த நாளில் தோட்டத்துப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? அவனோடு பேசிப் பார்த்தேன். வேறு வேலை இருந்தால் காட்டு என்றான்.

வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. கடைசி வகுப்பைப் பார்க்கச் சங்கத்துப் பெரிய அம்மா, நாங்கள் நோனா என்போம், வருவார், தொடர்ந்து வகுப்பு நடத்த ஒருத்தரைச் சம்பளத்துக்கு எடுப்பார் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். "உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும், அம்மே. ஆனால் வாய் திறக்காத பிள்ளையை எப்படி வாத்தியாராகப் போடுவது?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அது அவள் தகப்பன் வாய், நான் என்ன செய்ய என்றேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அவளிடம் ஒரு குணம் உண்டு. ஒன்றை யாராவது தப்பாகச் சொன்னால் பொறுக்கவே மாட்டாள். சின்னதில் நான் கதை சொல்லும்போது சேவலுக்குப் பதில் கோழி என்றுவிட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து திருத்துவாள்.

கடைசி நாள் நோனா வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார், வேலை முடிந்தால் கம்பியூட்டரை முறைப்படி மூடிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும் என்றார்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "வேலை முடிஞ்சதும் வயரைப் படார்னு புடுங்குங்க."

மகள் தலையைத் தூக்கினாள்.

லினக்ஸ் இருக்கிற இந்த சீடியைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றார் வாத்தியார்.

"இதை யாருக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தாப் பொலிஸ் புடிக்கும்."

பொலிஸ் என்றதும் முன்னால் இருந்த பையன் கையிலிருந்த சீடியைக் கீழே வைத்தான். மகளின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் கழுவிவிட்ட ஆயாவை எவன் எதிர்த்துப் பேசுவான்?

அவசியம் இல்லாமல் தொரையாக உள்ளே போகாதீர்கள், ஆபத்து என்றார் வாத்தியார்.

"எல்லாரும் எந்நேரமும் பெரிய தொரையாவே இருங்க. கண்ணுல படுறதையெல்லாம் அழிங்க."

"சரி, ஆயா" என்று த்ரீவீல்காரன் உடனே பெட்டியில் கை வைத்தான்.

"அம்மா, நிறுத்துங்க. டேய், கையை எடு."

என் மகள் எழுந்து நின்றாள். "சேர் அப்படிச் சொல்லல. நீங்க எல்லாத்தையும் தலைகீழாச் சொல்றீங்க."

நான் விடுவேனா? "நீ என்னடி சேருக்கு மேல? எனக்குத் தெரியாத சிங்களமா?"

"சிங்களம் தெரிஞ்சாப் போதுமா, விஷயம் தெரிய வேணாமா?" என்று முன்னால் வந்துவிட்டாள். வயரை ஏன் பிடுங்கக்கூடாது, சீடியை ஏன் கொடுக்கலாம், தொரையாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று தமிழில் சொல்லி, அம்மா பிழையாகச் சொன்னார், இப்படித்தானே சேர் என்று சிங்களத்தில் கேட்டு, பெட்டியில் ஒவ்வொன்றாகச் செய்தும் காட்டினாள். நடுநடுவே நான் குறுக்கே பேசினேன். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் இன்னும் ஏறியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பொலிஸ் என்ற சொல் அவருக்கும் விளங்கியிருக்கும்.

நோனா வாத்தியாரைக் கூப்பிட்டு என் பக்கத்திலேயே நின்று சிங்களத்தில் சொன்னார்: "இந்தப் பிள்ளையைப் போடுங்கள். ஆனால் அந்தக் கிழவியை இனிமேல் மொழிபெயர்க்க விடாதீர்கள். பாவம், அவளுக்குச் சிங்களமே தெரியவில்லை."

ஒரு எழுத்து விடாமல் விளங்கியது. விளங்காத மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

மகள் கொழும்புக்குப் போகவில்லை. அந்த மடுவத்திலேயே வாத்தியார் ஆனாள், பிறகு டவுனிலும் சொல்லிக் கொடுத்தாள், இப்போதும் கொடுக்கிறாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினாள். வயசாச்சு, மறதி என்று சொல்லிவைத்தேன். அது பிழையாகப் போயிற்று. கதை தோட்டத்து லயத்து வீடுகளிலெல்லாம் பரவி, கடைக்குப் போனால் அந்த த்ரீவீல்காரன் எனக்காகச் சிங்களம் பேச வருகிறான். வீட்டுக்குச் சிங்கள ஆட்கள் வந்தால் மகள், "அம்மாவுக்கு அவ்வளவா வராது" என்று அவர்களிடம் முந்திக்கொண்டு சொல்கிறாள். வேலை நிலைக்கட்டும் என்று பொறுத்தேன், பிறகு அவள் கல்யாணம் நடக்கட்டும் என்று பொறுத்தேன். இனிப் பொறுக்க முடியாது.

எழுதிட்டியா, புள்ள? எங்க, மொதல்ல இருந்து வாசி. மெதுவா இல்ல, குசினியில சமைச்சிக்கிட்டு இருக்குற ஒங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி.