முதல் மிடறு குல்தூமுக்கு

உம்மு குல்தூமுக்கு ஒரு பழக்கம். காலையில் தண்ணீர்த் தாங்கியின் வால்வைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படியே தண்ணீரோடு குழாய்க்குள் இறங்கிவிடுவாள். கொய்யா மரத்தடியில் வளைந்து, தொழ வருகிறவர்கள் கை கால் கழுவும் பள்ளிவாசல் ஹவுளில் பரவி, ஸுபைதா வீட்டுக் கேத்தலில் கொதித்து, கடைசியில் றுஸ்னாவின் கைக்குழந்தையின் பால் போத்தலுக்குள் போய்ச் சேருவாள். பத்து நிமிடம் ஆகும். வால்வு திறக்கப் போகிறவள் ஊரெல்லாம் விருந்தாடிவிட்டுத்தான் வருகிறாள் என்று பெண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, அவளுக்கென்ன.

மாத்தளை டவுனுக்கு மேலே, சாதிக்காய் மரங்களும் மிளகுக் கொடிகளும் அடர்ந்த சரிவில் நூற்றுப் பத்து வீடுகள். எல்லாவற்றுக்கும் மலை ஓடைத் தண்ணீர்தான். ஊர்க்காரர்களே சங்கம் வைத்துத் தாங்கி கட்டினார்கள். ஒன்பது வருடமாக அதன் வால்வுப் பூட்டின் திறப்பு குல்தூமின் இடுப்பில் தொங்குகிறது. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. திறக்கிறவர் முதலில் ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும், பிறகுதான் ஊருக்கு. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, மகா கெட்டிக்காரர். தன் வாயில் போகிற தண்ணீரில் யார் அசட்டையாக இருப்பார்கள்?

அவள் புருஷன் இத்ரூஸ் வெள்ளை மிளகு செய்கிறவர். பழுத்த மிளகைச் சாக்கோடு ஒரு வாரம் ஊறப்போட்டு, தோல் அழுகியதும் தேய்த்துக் கழுவினால் உள்ளே வெள்ளை மணி கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும்! பின்வாசல் பீப்பாயில் அவர் ஊறப்போடும் நாட்களில் குல்தூமுக்குச் சோறு இறங்காது. போன வாரம் பொறுமை போய், இந்தக் கண்றாவியை வீட்டை விட்டு எங்கேயாவது கொண்டுபோங்கள் என்று சண்டை பிடித்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் கொண்டுபோனார். எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஊருக்கே சோறு ஆக்கும் கந்தூரி நாள் விடிந்தது. சரிவெங்கும் பனிமூட்டம். கீழே பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய சட்டிகள் தண்ணீருக்காகக் காத்திருந்தன. குல்தூம் தாங்கியில் கை நிறைய அள்ளி வாயருகே கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது. அவள் வீட்டுப் பின்வாசல் நாற்றம்.

அவள் வால்வைத் தொடவில்லை. ஓடை வழியே மேலே ஓடினாள். தண்ணீர் எடுக்கும் சின்ன அணைக்கட்டுக்கு இருபது அடி மேலே, தெளிந்த குட்டையில் மூன்று சாக்குகள் எருமைக் கன்றுகள் போல முங்கிக் கிடந்தன. மர வேரில் கட்டியிருந்த நீல நைலோன் கயிற்றை அவளுக்குத் தெரியும். நான்கு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த துணி காயப்போடும் கயிறு அது. பக்கத்திலேயே, சாக்கைப் புரட்டிப்போட வந்த இத்ரூஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க ஏன் போட்டீங்க?"

"நீதானே எந்த நாளும் சொல்ற, இந்தத் தண்ணியப் போல சுத்தமான தண்ணி வேற எங்கயும் இல்லண்டு. சுத்தமான தண்ணியில ஊறினாத்தானே மிளகு வெள்ளையா வரும்."

சாக்குப்போக்குக்காக அவர் அதைச் சொல்லவில்லை. மனைவியின் பேச்சை அவ்வளவு நம்பியிருந்தார், பாவி மனுஷன். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவள் கீழே இருந்த அணைக்கட்டைக் காட்டினாள். விஷயம் புரிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. சாக்குகளை இழுத்துக் கரையில் போட்டார். பிறகு தணிந்த குரலில், தாங்கியைக் காலி பண்ணிவிட்டுக் குழாய் உடைந்ததென்று சொல்லிவிடலாம் என்றார். உண்மை தெரிந்தால் திறப்பு அவள் இடுப்பில் இருக்காது. அது அவளுக்கும் தெரியும்.

கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வழக்கம்போலக் குழாய்க்குள் இறங்கினாள். கொய்யா மரத்தடி, ஹவுள், ஸுபைதாவின் கேத்தல். எல்லா வீட்டுக் குடத்திலும் நேற்றுப் பிடித்த தண்ணீர் அசையாமல் இருந்தது. நேற்று நாற்றம் இல்லைதான். ஆனாலும் அந்தச் சாக்குகளின் மேலால் வந்த தண்ணீர் அல்லவா? குழாய் உடைந்தது என்றால் எல்லோரும் அதையேதான் சிக்கனமாகக் குடிப்பார்கள். றுஸ்னாவின் பால் போத்தல் வரைக்கும் போனாள். அதற்கு உள்ளே போக முடியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பள்ளிவாசலுக்கு இறங்கிப்போய், ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லி, பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஒரு துண்டுக் காகிதம் நீட்டினாள். இன்றைக்குத் தண்ணீர் வராது, நேற்றுப் பிடித்து வைத்ததையும் ஊற்றிவிடுங்கள் என்று இருந்தது. ஓடையில் மிளகு ஊறப்போட்டது எங்கள் வீட்டார்தான் என்று கடைசியில் இருந்தது. மோதினார் நெற்றியைச் சுருக்கினார். கடைசி வரி தேவைதானா என்று கேட்டார்.

"அதையே முதல்ல வாசிங்க," என்றாள்.

அவள் வீட்டுப் பெயர் மலையில் மோதித் திரும்பி வந்தது. வெட்கத்தில் காது எரிந்தது. திட்டியவர்கள் திட்டினார்கள். ஸுபைதா கொஞ்சம் கூடுதலாகவே திட்டினாள். டவுனிலிருந்து லொறிக்காரர் முத்துவீரன் தன் லொறியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றிவந்தார். கந்தூரிச் சோறு பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வெந்தது. குல்தூம் திறப்பைச் சங்கத்தின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இத்ரூஸ் தனியாளாகத் தாங்கியைத் தேய்த்துக் கழுவினார். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்றார். ஐந்தாம் நாள் காலை ஊரே தாங்கியடிக்கு ஏறிவந்தது. திறப்பு இனி யாருக்கு என்று சங்கத் தலைவர் கேட்டார்.

"அவளுக்கே குடுங்க," என்றாள் ஸுபைதா. "சொந்த வீட்டு நாத்தத்த ஊருக்குச் சொல்ற ஆள் வேற யாரு இருக்கா?"

குல்தூம் கை நிறையத் தண்ணீர் அள்ளினாள். குடிக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் தலை குனிந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"இன்டைக்கு நீங்க குடிங்க."

அத்தனை பேர் முன்னால் இத்ரூஸ் வந்து, குனிந்து, அவள் கையிலிருந்தே குடித்தார். கண்கள் கலங்கியிருந்தன. மீதியை அவள் குடித்தாள். வால்வைத் திறந்து கண்ணை மூடினாள். இந்தத் தடவை பால் போத்தலின் வாசலில் அவள் நிற்கவில்லை.