செலீன் மிஸ்ஸும் ஐந்தாவது காலும்

"ஒட்டின கம் வெளியில தெரியிற ஒரு சாமானும் என்ர வீட்டு வாசலைத் தாண்டினதில்லை. நான் உயிரோட இருக்குமட்டும் தாண்டவும் மாட்டாது."

கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வரவேற்பில், கேக் துண்டுகள் பகிரப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், செலீன் மிஸ் இதைப் பிரகடனம் செய்தார். மேசையில் இருந்தவர்கள் பயபக்தியோடு தலையசைத்தனர். கொழும்பில் மேடை போட்டுச் சூளுரைத்த பெரியவர்கள் பலர். சொன்னபடி நடந்துகொண்டவர் என்று அன்றுவரை காட்டக்கூடியவர் செலீன் மிஸ் ஒருவர்தான்.

அவருடைய ஆட்சிப்பரப்பு ஒரு ஹோலும் ஒரு விறாந்தையும். ஆகஸ்ட் லீவு விட்டதும் நேசரிப் பிள்ளைகள் கைவேலை வகுப்புக்கு அங்கே வந்து குவிவார்கள். முட்டைத் தட்டு முதலையாகும், ஐஸ்கிரீம் குச்சி வீடாகும், காலி யோகட் கப் எதுவாக வேண்டுமானாலும் ஆகும். கடைசிச் சனிக்கிழமை கண்காட்சி. பெற்றோர் வந்து பார்த்து, பட்டிஸ் சாப்பிட்டு, படமெடுத்து, பிள்ளையையும் படைப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

மிஸ் பிறவியிலேயே மிஸ் அல்லர். இளமையில் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். அங்கே ஓர் எழுத்து அழித்தெழுதியதாகத் தெரிந்தாலும் மனேஜர் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போடுவாராம். கொம்பனி மூடிவிட்டது, மனேஜரும் எங்கோ போய்விட்டார், ஆனால் அந்தக் கூடை மட்டும் மிஸ்ஸின் மனதில் வாய் திறந்தபடியே இருந்தது. நேசரி ஆசிரியைப் பயிற்சியில், பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்யவேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். மிஸ் அதை மனமார ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மிஸ் தம் கையால் அதை மறுபடியும் செய்தார். இதற்கு அவர் வைத்த பெயர் ஃபினிஷிங்.

ஃபினிஷிங்கின்போது கோணல் காதுகள் நேராகும், வழிந்த கம் சுரண்டப்படும், சிலவேளை முழு முதலையுமே ஓய்வு பெற்றுப் புது முதலை பதவியேற்கும். கண்காட்சி மேசையில் வார்த்தெடுத்தது போல் ஒரே அளவில் முதலைகள் வரிசையாக நிற்கும். நாலு வயதுப் பிள்ளைகள் இப்படிச் செய்வது எப்படி என்று எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அற்புதங்கள் பழக்கமானவை. மற்றவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மிஸ்ஸின் கணவர் ஹியூபேட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறியவர்.

"ஹாபர்ல உடைஞ்ச சாமான் வந்தா உடைஞ்சதெண்டு எழுதித்தான் வெளியில விடுவம்," என்றார் ஒருநாள், பேப்பரை இறக்காமலே. "நீ ரகசியமா ஒட்டி அனுப்புறாய். எங்கட இடத்தில இதுக்கு வேலை போயிருக்கும்."

"நீங்கள் பேசாமல் பேப்பரைப் பாருங்கோ," என்றார் மிஸ், ஒரு முதலைக்குப் பல் நட்டபடி.

இந்த வருட ஆகஸ்ட் சாதாரண ஆகஸ்ட் அல்ல. வெள்ளவத்தையில் இருந்து ஒரு பிள்ளை வந்திருந்தது. கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டார், வாசலில் இறங்கினால் ஏ.சி. போட்ட வகுப்புகள் இருக்க, பம்பலப்பிட்டியின் வாகன நெரிசலைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் பிள்ளையை அனுப்புவது சரித்திரத்தில் எழுதவேண்டிய விஷயம். அந்தப் பிள்ளையின் தாய் றஷ்மி, வெள்ளவத்தைத் தாய்மாரின் வட்ஸப் குழுவை ஆண்டுகொண்டிருந்தவர். கண்காட்சிப் படங்கள் குழுவில் நன்றாக விழுந்தால், டிசெம்பர் லீவுக்கு வெள்ளவத்தையே திரண்டு வரும். பிழையாக விழுந்தால் கொட்டாஞ்சேனை கொட்டாஞ்சேனையாகவே இருக்கும். செலீன் மிஸ்ஸுக்கு இது தெரியும். ஆகவே முதலையை விட்டு யானைக்கு உயர்ந்தார்.

யோகட் கப் உடம்பு, பிறிஸ்டல் போட் அட்டையில் காது, சுருட்டிய தும்பிக்கை, முட்டைத் தட்டில் வெட்டிய நாலு கால். எல்லா யானைகளும் அப்படித்தான் இருந்தன, அம்னாவின் யானையைத் தவிர. அதற்கு வயிற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கால் இருந்தது.

அம்னா, த்ரீவீல் ஓட்டும் மஹ்ரூபின் மகள், வீடு கிராண்ட்பாஸ் பக்கம். வகுப்பில் யாரோடும் சண்டை பிடிக்காதவள். பிள்ளை எண்ணிக்கையில் தவறிவிட்டது என்று நினைத்து, மத்தியான ஃபினிஷிங்கில் மிஸ் அந்தக் காலை வெட்டி, தழும்பு தெரியாமல் பெயின்ற் பூசிவிட்டார். அடுத்த நாள் காலை அம்னா யானையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். அழவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. கழித்துப் போட்ட முட்டைத் தட்டில் ஒரு குழியைப் பிய்த்து, கம் போத்தலை இரண்டு கையாலும் அமுக்கி, காலை மீண்டும் ஒட்டினாள்.

மத்தியானம் மிஸ் வெட்டினார். காலையில் அம்னா ஒட்டினாள். இப்படியே போர் நீடித்தது. யானையின் வயிற்றில் கம் படை படையாக ஏறியது.

மிஸ் கல்வி வழியில் இறங்கினார். எல்லோரையும் பாயில் இருத்தி, யானைக்கு எத்தனை கால் என்று கேட்டார். "நாலு" என்று ஹோல் அதிர்ந்தது. அதிலும் பெரிய சத்தம் அம்னாவினுடையது. சொல்லி முடித்ததும் அவள் எழும்பிப் போய் ஐந்தாவது காலை ஒட்டினாள். இந்த அளவு நெஞ்சழுத்தத்தை மிஸ் கப்பல் கொம்பனியிலும் கண்டதில்லை.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய் லுத்பியாவிடம் மிஸ் விஷயத்தைப் பாரதூரமான குரலில் எடுத்துரைத்தார். லுத்பியா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"ஊட்டுலயும் இப்பிடித்தான் மிஸ். எங்கட மேசைக்கும் ஒரு கால் ஒட்டப் பாத்திச்சி. ஏனெண்டு நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்பதற்கு என்ன இருக்கிறது, பிழையென்றால் திருத்துவதுதானே முறை என்று மிஸ் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் இறுதி நடவடிக்கை எடுத்தார். காலை வெட்டி, வயிற்றைச் சுரண்டி மழுமழுப்பாக்கி, எல்லாக் கம் போத்தல்களையும் திரட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். போர் முடிந்தது. அப்படித்தான் அவர் நினைத்தார்.

சனிக்கிழமை ஹோல் நிறைந்தது. வெள்ளை விரிப்பின்மேல் யானைகள் அணிவகுத்தன. றஷ்மி வந்து, செருப்பைக் கழற்றி, ஃபோனை வெளியே எடுத்தார். மிஸ்ஸின் சேலை மடிப்புகூட அன்று ஃபினிஷிங் பெற்றிருந்தது. பட்டிஸ் தட்டோடு போன ஹியூபேட், திரும்பி வந்து காதில் சொன்னார்:

"ஒரு பிள்ளை யானைக்குப் பக்கத்தில டியூட்டியில நிக்குது. பட்டிஸும் வேண்டாமாம்."

அம்னா வீட்டிலிருந்தே ஒரு கால் செய்து சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள். கம் இல்லாததால் அதை யானையின் வயிற்றுக்குக் கீழே வைத்து, ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஜூஸ் குடித்தார்கள், கதிரைகளைச் சுற்றி ஓடினார்கள், ஒன்று பலூனை வெடிக்கவைத்து அழுதது. அம்னா அசையவில்லை. கை நோகும்போது மற்றக் கைக்கு மாற்றினாள்.

றஷ்மி மேசையின் ஒரு முனையிலிருந்து படமெடுத்துக்கொண்டு வந்தார். அம்னாவிடம் வந்ததும், "தங்கச்சி, கொஞ்சம் கையை எடுங்கோ, யானையை வடிவா எடுப்பம்," என்றார்.

அம்னா தலையாட்டி மறுத்தாள். றஷ்மி மிஸ்ஸைப் பார்த்தார். வெள்ளவத்தையே மிஸ்ஸைப் பார்த்தது போலிருந்தது.

செலீன் மிஸ் மேசையருகே வந்து குனிந்தார். அந்த விரலை மெதுவாக விலக்கினால் போதும். கால் விழும், யானை மற்ற யானைகளைப் போல ஆகும், படம் வடிவாக வரும். அவர் கையை நீட்டினார். பிள்ளையின் விரல் நகம் அமுக்கி அமுக்கி வெளுத்துப்போயிருந்தது. நீட்டிய கை நின்றது. தம் உத்தியோக வாழ்வில் முதல் தடவையாக, ஒரு பிள்ளையிடம் தமக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இது என்னத்துக்கு மகள்?"

"ஸ்பெயார்," என்றாள் அம்னா. இவ்வளவு நாளும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள் போல, மூச்சு விடாமல் சொன்னாள். "வாப்பாட த்ரீவீலுக்கும் ஸ்பெயார் டயர் ஒண்டு ஈக்குது. மழைக்க டயர் போனா மாத்தோணும். யானைக்குக் கால் போனா எங்க பெய்த்து வாங்குற?"

மிஸ் அந்த நாலு கால்களையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, ஒரு கம் போத்தலோடு திரும்பி வந்தார். ஹியூபேட் தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"கையை எடுக்காதேங்கோ. நான் ஊத்துறன்," என்றார் மிஸ்.

ஊற்றினார். அவசரத்தில் கொஞ்சம் கூடிவிட்டது. கம் காலின் இரண்டு பக்கமும் பிதுங்கி, மழுமழுப்பான சாம்பல் வயிற்றில் வெள்ளையாக வழிந்து, விரிப்பிலும் சொட்டியது. றஷ்மி கைப்பையில் இருந்து ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினார்.

"வேண்டாம். துடைச்சாக் கால் அசைஞ்சு போகும்," என்றார் மிஸ்.

றஷ்மி டிஷ்யூவைத் திரும்ப வைத்துவிட்டு, அப்படியே படமெடுத்தார்.

வெளியே மஹ்ரூப் ஹோர்ன் அடித்தார். அம்னா யானையை மல்லாக்கத் திருப்பி, ஐந்து காலும் வானம் பார்க்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கம் மினுங்க, வாசலை நோக்கி நடந்தாள். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளப் பார்த்தது. செலீன் மிஸ் முன்னால் போய், பிள்ளையும் யானையும் தாண்டிப் போகும்வரை, அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.